‘முதல் பெண் போர் விமானி’ யார்? ஒரே கேள்விக்கு இத்தனை பதில்கள் ஏன்?

ராணுவ விமானம் ஓட்டும் பெண்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘முதல்’ என்ற பட்டமும் கூடவே வந்துவிடுகிறது. 1937-ல் துருக்கியின் சபிஹா கோக்சென், 1942-ல் சோவியத் யூனியனின் லிடியா லித்வியாக், 1995-ல் அமெரிக்காவின் மார்த்தா மெக்சாலி, 1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும், 2016-ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங். படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இவற்றில் எந்தச் செய்தியும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். கேள்விகளைப் பிரித்துவிட்டால் ஒரு விஷயம் தெளிவாகும்: பெண்களால் போரில் விமானம் ஓட்ட முடியுமா என்பது 1942-லேயே தீர்ந்துபோன வழக்கு. அதற்குப் பிறகு நடந்த தகராறு முழுவதும் காகிதத்தைப் பற்றியது. விமானம் ஓட்டிய பெண் சிப்பாயா, சிவிலியனா? இறந்தால் அரசாங்கம் அடக்கம் செய்யுமா? ஓய்வூதியம் உண்டா?

போர்க்கால விமானி செய்யும் நான்கு வேலைகள்

1. கொண்டுசேர்ப்பது. தொழிற்சாலையிலிருந்தோ பழுதுபார்க்கும் நிலையத்திலிருந்தோ விமானத்தைப் படைத்தளத்துக்கு ஓட்டிச் செல்வது. ஆங்கிலத்தில் ஃபெர்ரி பைலட் என்பார்கள்.

2. பயிற்சிக்கும் சோதனைக்கும் ஓட்டுவது. தரையிலிருக்கும் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக, துணி இலக்கை நீண்ட கயிற்றில் கட்டி இழுத்துச் செல்வது இதில் சேரும். சுடுவது நிஜக் குண்டுகள், சுடுபவர்கள் கற்றுக்குட்டிகள். ஜெர்மனியில் மெலிட்டா ஷில்லர் செய்தது சோதனைப் பறப்பு. யுங்கர்ஸ் 87, 88 ரக விமானங்களைச் செங்குத்தாகப் பாயவிட்டுச் சோதிக்கும் பறப்புகளை 2,000-க்கு மேல் முடித்தவர் அவர்.

3. ஆயுதமில்லாமல் போர்முனைக்குள் போவது. காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது, பொருள் போடுவது, எதிரி இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வது. கார்கிலில் சீட்டா ஹெலிகாப்டர்கள் செய்தது இதைத்தான்.

4. ஆயுதத்தோடு போவது. குண்டுவீச்சும் வானில் நேருக்கு நேர் சண்டையும் இதில் அடங்கும்.

நான்காவதை மட்டும் ‘போர்’ என்று சட்டம் வரையறுத்தது. எதிரியின் தோட்டாவுக்கு மூன்றாவதற்கும் நான்காவதற்கும் வித்தியாசம் தெரியாது. பிற்காலச் சிக்கல்களில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை.

சோவியத்தில் மட்டும் நான்காவது வேலை கிடைத்தது எப்படி

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆள் பற்றாக்குறை. அது பாதி உண்மைதான். ஆள் பற்றாக்குறை பிரிட்டனிலும் இருந்தது. சோவியத்தில் கூடுதலாக இருந்தவை இரண்டு. முதலாவது, 1930-களில் ஓசோவியாகிம் என்ற அமைப்பு நாடு முழுவதும் நடத்திய பறப்புக் கழகங்கள். ஆலைத் தொழிலாளிப் பெண்களும் கல்லூரி மாணவிகளும் அங்கே கிளைடரும் யு-2 விமானமும் ஓட்டக் கற்றார்கள். போர் தொடங்கியபோது பறக்கத் தெரிந்த பெண்கள் தயாராக இருந்தார்கள். இரண்டாவது, மரினா ரஸ்கோவா. 1938-ல் வலென்டினா கிரிஸோடுபோவா, போலினா ஒசிபென்கோ ஆகியோருடன் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்குக்கு நிற்காமல் பறந்து சாதனை படைத்த நேவிகேட்டர், அதாவது வழி கணித்துச் சொல்பவர். ஸ்டாலினிடம் நேரடியாகப் பேசும் செல்வாக்கு அவருக்கு இருந்தது.

1941 அக்டோபர் 8-ல் வந்த உத்தரவின்படி மூன்று பெண்கள் ரெஜிமென்ட்டுகள் உருவாயின. வோல்கா நதிக்கரையில் உள்ள எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது.

1. 586: யாக்-1 சண்டை விமானங்கள். நகரங்களையும் ரயில் பாதைகளையும் காக்கும் வேலை.
2. 587: பெ-2 என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள்.
3. 588: யு-2 என்ற பயிற்சி விமானத்தில் இரவுக் குண்டுவீச்சு. பின்னால் ‘காவலர்’ என்ற கௌரவப் பட்டத்தோடு 46-ஆவது காவலர் ரெஜிமென்ட் ஆனது.

586, 587 இரண்டிலும் ஆண்களும் சேர்ந்தார்கள். 1943 ஜனவரி 4-ல் மோசமான வானிலையில் ரஸ்கோவா விபத்தில் இறந்த பிறகு, 587-க்குத் தலைமை ஏற்றவரே ஓர் ஆண் அதிகாரிதான். கடைசிவரை முழுக்கப் பெண்களாகவே இருந்தது 588 மட்டும். மறுபக்கம், ஆண்கள் ரெஜிமென்ட்டுகளில் தனித்தனியாகச் சண்டையிட்ட பெண்களும் உண்டு. லித்வியாக் எதிரி விமானங்களை வீழ்த்தித் தன் வெற்றிகளைப் பெற்றது அப்படித்தான். கிரிஸோடுபோவா பெரும்பாலும் ஆண்களே இருந்த நீள்தூர ரெஜிமென்ட் ஒன்றுக்குத் தளபதியாகவே இருந்தார்.

யு-2: இந்தப் பொம்மை விமானம் போருக்கு உதவியது ஏன்

1920-களின் கடைசியில் பலிகார்பவ் வடிவமைத்த இரட்டை அடுக்கு இறக்கை விமானம் அது. 1944-ல் அவர் இறந்தபின் போ-2 என்று பெயர் மாறியது. மரச் சட்டம், மேலே துணி. ஐந்து சிலிண்டர் எஞ்சின், சுமார் 100 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு 150 கி.மீ. சுற்றுவட்டாரம். திறந்த காக்பிட்டில் முன்னால் பைலட், பின்னால் நேவிகேட்டர். ரேடியோ இல்லை. வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், அவ்வளவே.

இந்தக் குறைகளில் சில சாதகமாகத் திரும்பின. ஒவ்வொரு விமானத்துக்கும் ஸ்டால் வேகம் என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும், விமானம் விழும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானத்துக்கு அந்த எல்லை யு-2-வின் உச்ச வேகத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருந்தது. எனவே பின்தொடர்ந்து நிதானமாகக் குறிவைக்க முடியாது. ஒரு பாய்ச்சலில் சுடலாம், தாண்டிப் போய்விடும், வட்டமடித்துத் திரும்பி வருவதற்குள் யு-2 மரங்களின் உயரத்துக்கு இறங்கியிருக்கும். இறங்குவதற்குப் பெரிய ஓடுபாதையும் தேவையில்லை, ஒரு வயல்வெளி போதும். முன்னணிக்கு மிக அருகிலேயே தளம் அமைத்து, ஒரே இரவில் ஒரே ஜோடி பல தடவை போய்வந்தது அதனால்தான். பனிக்கால நீண்ட இரவுகளில் பத்தைத் தாண்டிய கணக்கும் உண்டு.

தாக்குதல் முறை இதுதான்:

1. சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்புவது. கூட்டமாகப் போவதில்லை.
2. இலக்கை நெருங்கும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் இருந்து எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கக் குறைத்து, சத்தமில்லாமல் சறுக்கி இறங்குவது. கீழே கேட்பது இறக்கைகளுக்கு இடையே உள்ள கம்பிகளில் காற்று உரசும் ஒலி மட்டும்.
3. தேடுவிளக்குகள் பலமாக இருந்தால் இரண்டு விமானங்கள் சேர்ந்து வேலை செய்யும். ஒன்று வேண்டுமென்றே சத்தத்தோடு போய் விளக்குகளைத் தன் பக்கம் இழுக்கும். மற்றது இருட்டில் சறுக்கி வந்து குண்டு போடும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளும்.
4. குண்டு போட்டதும் த்ராட்டிலைத் திறந்து, தாழ்வாகத் தப்பிப்பது.

நான்காவது படி சொல்வதற்கு எளிது. நீண்ட சறுக்கலில் எஞ்சின் குளிர்ந்துவிடும், ஸ்பார்க் பிளக்கில் எண்ணெய் படியும். த்ராட்டிலைத் திறக்கும்போது எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோனால், சில நூறு மீட்டர் உயரத்தில், எதிரியின் தலைக்கு நேர் மேலே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மிகவும் தாழ்வாகக் குண்டு போட்டால் தன் குண்டின் சிதறலே துணி இறக்கையைக் கிழிக்கும். குண்டு கொக்கியிலிருந்து விடுபடாமல் தொங்கினால் அதோடு தரையிறங்க முடியாது. நேவிகேட்டர் இறக்கையின்மேல் இறங்கிக் கையால் தள்ளிவிட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

இரவின் வேகத்தைத் தீர்மானித்தது வானமல்ல, தரை. 588-இன் தளபதி எவ்தோக்கியா பெர்ஷான்ஸ்காயா ராணுவ விதியை மீறி ஒரு மாற்றம் செய்தார். விதிப்படி ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு மெக்கானிக், ஓர் ஆயுதப் பணியாளர் தனித்தனி. அதை விட்டுவிட்டு, வந்து இறங்கும் எந்த விமானத்தையும் ஒரு குழு வரவேற்கும், ஒரு குழு பெட்ரோல் ஊற்றும், ஒரு குழு குண்டு மாட்டும் என்று பிரித்தார். ஐந்தாறு நிமிடங்களில் விமானம் மறுபடி கிளம்பத் தயார். 50, 100 கிலோ குண்டுகளைப் பெண்கள் இருட்டில் கையாலேயே தூக்கி மாட்டினார்கள். குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸைத் திருகுவதற்கு விரல்களில் உணர்வு வேண்டும், ஆகவே உறைபனியிலும் கையுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

போர் முடியும்வரை 588 செய்தது சுமார் 24,000 பறப்புகள், ஏறக்குறைய 3,000 டன் குண்டுகள். வகுத்துப் பார்த்தால் ஒரு பறப்புக்கு 125 கிலோ. ஒரு பறப்பின் சேதம் சிறியதுதான். கணக்கு அதில் இல்லை. முன்னணிக்குப் பின்னால் ஓய்வெடுக்க வந்த படைக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை, எரிபொருள் கிடங்குக்கு அருகே விளக்கேற்ற முடியாது, வண்டி நகர்த்த முடியாது. ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று ஜெர்மானியர் பெயர் வைத்தது எரிச்சலில். பழைய இரட்டை இறக்கை விமானங்களை வைத்து இதே வேலைக்குத் தாங்களும் படையணிகள் அமைத்தது அதைவிடப் பெரிய சான்றிதழ். யு-2 ஓட்டிய சோவியத் ரெஜிமென்ட்டுகளில் பெரும்பாலானவை ஆண்களுடையவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 588 செய்தது தனி மாயமல்ல. அதே வேலையை அதே தரத்தில், பல சமயம் கூடுதல் எண்ணிக்கையில் செய்தது. 23 பேர் ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் பெற்றார்கள்.

முறை தோற்ற இரவு

1943 ஜூலை 31 இரவு, தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதியில். தேடுவிளக்குகள் வழக்கம்போல எரிந்தன, ஆனால் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுடவில்லை. அந்த அமைதிதான் எச்சரிக்கை. பீரங்கி ஓய்ந்திருந்தால் வானில் அவர்களுடைய சொந்த விமானம் இருக்கிறது என்று பொருள். விளக்கில் சிக்கிய யு-2-க்களை ஜெர்மன் இரவுச் சண்டை விமானம் ஒன்று வரிசையாகச் சுட்டது. அன்று போனவை நான்கு விமானங்கள், எட்டுப் பெண்கள்.

காரணங்களைப் பிரித்தால் மூன்று. ஒரே இடைவெளி, ஒரே பாதை என்பது எதிரிக்குக் கால அட்டவணை கொடுத்தது போல. ரேடியோ இல்லாததால் முன்னால் போனவர் எரிவதைப் பார்த்தும் பின்னால் வருபவருக்குச் சொல்ல வழியில்லை. பாராசூட்டும் இல்லை. அந்த எடைக்குக் குண்டு ஏற்றலாம், தாழ்வாகப் பறக்கும்போது அது உதவாது என்ற நினைப்பு. தீப்பிடித்த துணி விமானத்திலிருந்து குதிக்க வழி இல்லாமல் போனது. 1944-ல்தான் பாராசூட் வந்தது.

பிரிட்டன்: பார்த்திராத விமானத்தை ஓட்டுவது எப்படி

பிரிட்டனின் விமானப் போக்குவரத்துத் துணைப்படை ஒரு சிவிலியன் அமைப்பு. 1940 ஜனவரியில் பாலின் கோவர் தலைமையில் எட்டுப் பெண்கள் ஹாட்ஃபீல்டில் டைகர் மாத் என்ற சிறு பயிற்சி விமானங்களைக் கொண்டுசேர்க்கத் தொடங்கினார்கள். போர் முடிவதற்குள் சுமார் 168 பெண்கள். அமைப்பு மொத்தமாகக் கொண்டுசேர்த்தது 3,00,000-க்கும் மேற்பட்ட விமானங்கள், ஏறக்குறைய 150 ரகங்கள்.

எல்லா ரகத்துக்கும் தனிப் பயிற்சி கொடுக்க நேரமில்லை. எனவே விமானங்களை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள்: எளிய ஒற்றை எஞ்சின், வேகமான ஒற்றை எஞ்சின், எளிய இரட்டை, கடினமான இரட்டை, நான்கு எஞ்சின், கடல் விமானம். ஒரு வகுப்பில் தேறினால் அந்த வகுப்பின் எந்த ரகத்தையும் ஓட்டலாம், முன்பின் பார்த்திராவிட்டாலும். கையில் இருப்பது வளையத்தில் கோத்த சிறு அட்டைப் புத்தகம். ரகத்துக்கு ஓர் அட்டை. புறப்படும்போது ஃபிளாப் என்ற இறக்கை மடிப்பை எவ்வளவு இறக்குவது, எந்த வேகத்தில் தரையிறங்குவது, எந்த நெம்புகோல் எங்கே என்பது மட்டும் அதில் இருக்கும்.

அட்டை ஏன் தேவை என்பதற்கு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் நல்ல உதாரணம். நீண்ட மூக்கு முன்னால் நிற்பதால் தரையில் ஓடும்போது எதிரே எதுவும் தெரியாது, இடமும் வலமுமாக நெளிந்துதான் போக வேண்டும். ஆனால் நெளிந்து நேரம் கடத்தினால் குளிர்விப்பு நீர் கொதித்துவிடும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றைச் சக்கரத்தின் கால் மறைப்பதே காரணம். கிளம்பியதும் அடுத்த சிக்கல்: சக்கரத்தை மடக்கும் நெம்புகோல் வலப்பக்கம். த்ராட்டிலில் இருக்கும் இடக்கையை ஸ்டிக் என்ற திருப்பும் கோலுக்கு மாற்றி, வலக்கையால் நெம்புகோலை இழுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் கை மாற்றும் அந்த நொடிகளில் விமானம் மேலும் கீழும் குதிப்பது தரையிலிருந்தே தெரியும்.

ரேடியோ கிடையாது, மேகத்துக்குள் பறக்கவும் கூடாது. இந்த அமைப்பின் மிகப் பெரிய எதிரி வானிலை. 1941 ஜனவரி 5-ல் புகழ்பெற்ற விமானி ஏமி ஜான்சன் தேம்ஸ் முகத்துவாரத்தில் இறந்தபோது மோசமான வானிலையில் வழி தவறியிருந்தார். பெண்களுக்கு முதலில் ஆண்களைவிட 20 சதவீதம் குறைவாகச் சம்பளம். 1943-ல் அது சமமானது. அந்தக் காலத்தில் எந்த அரசு வேலையிலும் இது சாதாரணமல்ல.

அமெரிக்கா: காகிதம் செய்த வேலை

அமெரிக்காவில் நான்சி லவ் தலைமையில் ஒரு கொண்டுசேர்ப்பு அணியும், ஜாக்குலின் காக்ரன் தலைமையில் ஒரு பயிற்சித் திட்டமும் தனித்தனியாகத் தொடங்கி, 1943 ஆகஸ்டில் இணைந்தன. அதுதான் வாஸ்ப் எனப்பட்ட விமானப்படைப் பெண் விமானிகள் அமைப்பு. 25,000-க்கு மேல் விண்ணப்பம், 1,830 பேர் தேர்வு, 1,074 பேர் டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரிலும் மற்ற இடங்களிலும் பயிற்சி முடித்தார்கள். இலக்கு இழுத்தார்கள், பி-26 குண்டுவீச்சு விமானம் ஓட்டினார்கள். எஞ்சின் தீப்பிடிப்புக்குப் பெயர்போன பி-29 குண்டுவீச்சு விமானத்தை ஓட்ட ஆண்கள் தயங்கியபோது, இரண்டு வாஸ்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னது விமானப்படை.

ராணுவச் சீருடை, ராணுவக் கட்டளை, ராணுவ விமானம். ஆனால் பதிவேட்டில் அவர்கள் சிவிலியன் ஊழியர்கள். இதன் விளைவு என்ன?

1. பணியில் 38 பேர் இறந்தார்கள். ராணுவ இறுதி மரியாதை இல்லை, சவப்பெட்டியின்மேல் தேசியக் கொடி போர்த்தும் உரிமை இல்லை. உடலை வீட்டுக்கு அனுப்பத் தோழிகள் காசு திரட்டிய சம்பவங்கள் உண்டு.
2. 1944-ல் இவர்களை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா தோற்றது. சிவிலியன் பயிற்சித் திட்டங்கள் மூடப்பட்டதால், காலாட்படைக்கு அழைக்கப்படலாம் என்று அஞ்சிய ஆண் பயிற்சியாளர்களின் எதிர்ப்பு முக்கியக் காரணம். திறமைக் குறைவு என்று எவரும் நிரூபிக்கவில்லை. 1944 டிசம்பர் 20-ல் அமைப்பு கலைக்கப்பட்டது.
3. 1977-ல்தான் முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி சட்டப்படி வந்தது. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அஸ்தி வைக்க 2015-ல் மறுத்தார்கள். 2016-ல் இன்னொரு சட்டம் போட்டுத்தான் அந்த உரிமை உறுதியானது.

முழு ராணுவ அந்தஸ்து இருந்த சோவியத்திலும் காகிதம் சும்மா இருக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட வெற்றிகள் பெற்ற லித்வியாக் 1943 ஆகஸ்ட் 1-ல் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் ‘காணாமல் போனவர்’. எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகமே விருதை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் 1990-ல் வந்தது.

தடையும் அதன் ஓட்டையும்

போருக்குப் பின் கதவு மூடப்பட்டது. அமெரிக்காவின் 1948 சட்டம், விமானப்படை, கடற்படைப் பெண்கள் போர்ப்பணியில் ஈடுபடும் விமானங்களில் செல்லக் கூடாது என்றது. 1970-களில் பெண்கள் மறுபடி பைலட் ஆனபோது எரிபொருள் நிரப்பும் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் கிடைத்தன. அதாவது மேலே சொன்ன மூன்றாவது வேலை.

1991 வளைகுடாப் போர் இந்த வரையறையின் பலவீனத்தைக் காட்டியது. பெண்கள் ஓட்டிய ஹெலிகாப்டர்கள் எதிரி எல்லைக்குள் போயின. ராணுவ மருத்துவர் ரோண்டா கார்னம் சென்ற ஹெலிகாப்டர் சுடப்பட்டு, அவர் ஈராக்கில் போர்க்கைதியானார். ‘போரில் இல்லை’ என்று சட்டம் சொன்னவர்கள் இவர்கள். ஆபத்திலிருந்து காப்பாற்றாமல் பதவி உயர்விலிருந்து மட்டும் தள்ளிவைத்த தடை அது. அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை நீக்கியது. 1993 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் சண்டை விமானங்களைத் திறந்துவிட்டார். கனடா 1980-களிலேயே திறந்திருந்தது.

இந்தியாவிலும் இதே வரிசைதான்: 1990-களில் ஹெலிகாப்டரும் சரக்கு விமானமும், 1999-ல் போர்முனைக்குள் சீட்டா, 2016-ல் சண்டை விமானப் பிரிவு. கார்கில் செய்தியும் 2016 செய்தியும் மோதிக்கொள்வதாகத் தோன்றுவது இதனால்தான். ஒன்று மூன்றாவது வேலை, மற்றது நான்காவது.

இன்னும் தீராதது: இருக்கையும் உடலும்

சட்டம் திறந்தாலும் காக்பிட் பழைய அளவிலேயே இருந்தது. அமெரிக்க விமானங்களின் வடிவமைப்பு நீண்ட காலம் 1967-ல் ஆண் விமானிகளிடம் எடுத்த உடல் அளவுகளைச் சார்ந்திருந்தது. உட்கார்ந்த உயரம், கை எட்டும் தூரம், கால் நீளம் மூன்றும் பொருந்தாவிட்டால் மூக்குக்கு மேல் பார்வை போகாது, பெடல் முழுதாக அழுந்தாது. 1943-ல் பெ-2 புறப்படும்போது ஸ்டிக்கை நகர்த்த நேவிகேட்டரும் கைகொடுத்தார். வாஸ்ப் பெண்கள் மெத்தை வைத்துச் சமாளித்தார்கள். ஆபத்தில் விமானியோடு வெளியே எறியப்படும் இருக்கை உள்ள ஜெட்டில் மெத்தை வைக்க முடியாது. இருக்கை வெடித்துக் கிளம்பும்போது மெத்தை அமுங்கி, அந்த இடைவெளி அதிர்ச்சியாக முதுகெலும்பில் இறங்கும்.

வேகமான திருப்பங்களில் உடலை அழுத்தும் விசையைப் பெண்களால் தாங்க முடியாது என்ற பழைய வாதம் சோதனைகளில் நிற்கவில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் இடையே தூரம் குறைவாக இருப்பது சாதகம்கூட. உண்மையான தடைகள் சின்னவை, ஆனால் பிடிவாதமானவை. ரத்தம் கீழே இறங்காமல் காலையும் வயிற்றையும் இறுக்கும் அழுத்த உடை இடுப்பிலும் தொடையிலும் ஒட்டாவிட்டால் ரத்தம் காலில் தேங்கும். நீண்ட பறப்பில் சிறுநீர் கழிக்கும் கருவி ஆண் உடலுக்கென அமைந்தது. அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிக்காமல் ஏறும் விமானிக்கு உடலில் நீர் குறைந்து அழுத்தம் தாங்கும் சக்தியும் குறையும்.

அமெரிக்காவின் எஃப்-35 சண்டை விமானத்தில் 2015-ல் நடந்தது இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிறது. இருக்கை வெளியேறும்போது கனமான ஹெல்மெட் லேசான விமானியின் கழுத்தை முறிக்கலாம் என்று சோதனையில் தெரிந்தது. 136 பவுண்டுக்கு, அதாவது சுமார் 62 கிலோவுக்குக் கீழே இருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் ஓட்டக் கூடாது என்று தடை வந்தது. 2017-ல் தடை நீங்கியது. செய்த திருத்தங்கள் மூன்று: ஹெல்மெட்டின் எடையைக் குறைத்தார்கள், தலைக்குப் பின்னால் தாங்கும் துணிப் பலகை சேர்த்தார்கள், லேசான விமானிக்குப் பாராசூட் சற்றுத் தாமதமாக விரிய ஒரு சுவிட்ச் வைத்தார்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன் தன் எடைக்கேற்ப அந்தச் சுவிட்சைச் சரியான நிலையில் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பது இப்போது விமானியின் வேலை.